யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?

(பொன்விழா ஆண்டில் பங்குப்பேரவை, அன்பியம், பக்தசபைப் பொறுப்பாளர்களுக்காக நடந்த ஒருநாள் பயிற்சிக் கூட்டத்தில், பேரவையின் முன்னாள் பொறுப்பாளர்கள் சார்பில் ஆற்றிய உரை)



எங்களைப் பேச அழைத்தவர்கள், பேரவை இதுவரை செய்த நற்பணிகளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். நாங்கள் நால்வரும் ஒரு மாலை கெபியடியில் உட்கார்ந்து யோசித்தோம். நற்பணிகளைத்தான் கல்வெட்டுகள் சொல்லிக்கொண்டிருக்கின்றனவே! மின்விசிறியின் இறக்கையில்கூட உபயதாரர் பெயர் இருக்கிறது. எந்தக் கல்வெட்டிலும் இடம்பெறாத ஒன்றைச் சொல்வது என்று முடிவு செய்தோம். அது எங்கள் தவறு. இந்த மலரில் அச்சேறட்டும் என்று மனமறிந்தே சொல்கிறோம்.

நம் கல்லறைத் தோட்டத்தின் தென்புறச் சுவர் உங்களுக்குத் தெரியும். இப்போது நிற்பது இரண்டாவது சுவர். முதல் சுவரைக் கட்டியவர்கள் நாங்கள். அதை முடிவு செய்த கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் திருப்பலிக்குப் பின் நடந்தது. வரைபடம் தயார், மதிப்பீடு தயார், நன்கொடையாளர் பெயர் பொறித்த பளிங்குக் கல்லும் தயார். முப்பது பேர் இருந்த அந்தக் கூட்டத்தில், திட்டத்தைப் படித்து முடித்து, "யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?" என்று முறைப்படி கேட்டோம். பின் வரிசையிலிருந்து மரியாயின் சேனையைச் சேர்ந்த ஒரு வயதான அம்மாள் மெல்ல எழுந்து, "ஐயா, அந்தத் தென்மூலையிலே தண்ணி..." என்று தொடங்கினார்கள். "அதையெல்லாம் இன்ஜினியர் பார்த்துக்கிடுவாரும்மா, நீங்க உட்காருங்க" என்று சொன்னோம். மரியாதையாகத்தான் சொன்னோம். யாரோ சிரித்தார்கள். அம்மாள் உட்கார்ந்துவிட்டார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது என்று குறிப்பேட்டில் எழுதினோம். அந்தப் பக்கம் இன்றும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அடுத்த ஐப்பசியில் அடைமழை. மேட்டு வயல்களிலிருந்து வடிந்து வந்த தண்ணீர், வெளியேற ஒரு துவாரமும் இல்லாத புதுச் சுவரின் பின்னால் மூன்று நாள் தேங்கி நின்றது. நான்காம் நாள் விடியற்காலையில் அறுபது அடிச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்தது. உயிர்ச்சேதம் இல்லை, இறைவனுக்கு நன்றி. ஆனால் பதினொரு கல்லறைச் சிலுவைகள் நொறுங்கின. நவம்பர் 2, சகல ஆன்மாக்களின் திருநாளுக்கு இன்னும் ஒரு வாரமே இருந்தது. உடைந்த சிலுவைகளில் ஒன்று அந்த அம்மாளின் கணவருடையது.

பங்கில் யாரும் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நால்வருமாக அந்த அம்மாள் வீட்டுக்குப் போனோம். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். "தென்மூலை விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அன்னைக்கு இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாமேம்மா" என்று, பழியில் கொஞ்சத்தை அவர்கள் மேலும் இறக்கி வைக்கப் பார்த்தோம். அவர்கள் சொன்ன பதில் எங்களுக்கு மறக்கவில்லை: "மறுபடி சொன்னா, கோயில் காரியத்துக்குக் குறுக்க நிக்கிறவன்னு பேராயிரும்லா ஐயா?"

பிறகு விசாரித்துப் பார்த்தால், விஷயம் அந்த அம்மாளுக்கு மட்டும் தெரிந்ததாக இல்லை. கோயில்பிள்ளைக்குத் தெரியும், குழி வெட்டுகிறவருக்குத் தெரியும், கொத்தனாருக்கும் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. தெரியாதவர்கள் முன் வரிசையில் இருந்த நாங்கள் மட்டுமே. கோயில்பிள்ளையை அந்தக் கூட்டத்துக்கு நாங்கள் அழைக்கவே இல்லை. நாற்காலி போட்டுவிட்டு அவர் வெளியே நின்றிருந்தார்.

நம் தமிழில் 'கேட்டல்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வினவுவதும் கேட்டல்தான், செவிகொடுப்பதும் கேட்டல்தான். நாங்கள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டோம். இடித்துரைக்கும் துணை இல்லாத மன்னன், கெடுக்கும் பகைவர் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்ற கருத்தை வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் சொல்லிவிட்டார். பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியவர்கள்தான் நாங்கள்.

விவிலியத்திலும் இப்படி ஓர் அரசன் இருக்கிறான். அரசர் முதல் நூல் 22ஆம் அதிகாரத்தை வீட்டில் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். இஸ்ரயேல் அரசன் ஆகாபு, இராமோத்து கிலயாதின் மேல் படையெடுக்கலாமா என்று ஏறத்தாழ நானூறு இறைவாக்கினரைக் கேட்கிறான். நானூறு பேரும் போகலாம் என்கிறார்கள். உடனிருந்த யூதா அரசன் யோசபாத்துக்கு இந்த ஒற்றுமை பொறுக்கவில்லை. வேறு எவரும் இல்லையா என்று கேட்கிறான். இருக்கிறான் ஒருவன், இம்லாவின் மகன் மீக்காயா, ஆனால் அவன் எனக்கு நல்லதாக எதுவும் சொல்வதில்லை, ஆகவே அவனை வெறுக்கிறேன் என்று ஆகாபு ஒப்புக்கொள்கிறான். மீக்காயாவை அழைக்கப் போன தூதனைக் கவனியுங்கள். மற்றவர்கள் எல்லாரும் ஒரே குரலாகச் சாதகமாகச் சொல்லியிருக்கிறார்கள், நீரும் அப்படியே சொல்லிவிடும் என்று வழியிலேயே புத்தி சொல்கிறான். அப்படிச் சொல்லும்படி அரசன் அவனுக்குக் கட்டளையிட்டதாக அதிகாரத்தில் இல்லை. தலைவனுக்குச் செவி மூடியிருந்தால், வாசலில் நிற்கிறவனே வாயை அடைத்துவிடுவான்! உண்மையைச் சொன்ன மீக்காயாவுக்குச் சிறை, கேட்ட அரசனுக்குப் போர்க்களத்தில் மரணம் என்று அந்தக் கதை முடிகிறது.

இது அந்தக் காலத்து அரசர் கதை, எங்களுடையதோ படிப்பறிவு போதாத சிற்றூர்க் கதை என்று சிலர் நினைக்கலாம். ஆகவே, படிப்பில் யாருக்கும் குறையாதவர்களிடையே நம் காலத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும்.

2003ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலிருந்து 'கொலம்பியா' என்னும் விண்வெளி ஓடம் எழும்பியது. அதில் சென்ற எழுவரில் ஒருவர் அரியானா மாநிலம் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா. கிளம்பி 82 விநாடிகளில், வெளிப்புற எரிபொருள் கலத்தின் மேல் போர்த்தியிருந்த நுரைப் பூச்சில் ஒரு துண்டு பெயர்ந்து ஓடத்தின் இடது இறக்கையில் மோதியது. அதன் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. மறுநாள் படங்களைப் பார்த்த பொறியாளர்களுக்குக் கலக்கம் உண்டாயிற்று. இறக்கை எந்த அளவு சேதப்பட்டிருக்கிறது என்று அறிய, இராணுவத்தின் கருவிகளைக் கொண்டு விண்வெளியிலிருக்கும் ஓடத்தைப் படம் எடுத்துத் தரும்படி கேட்டார்கள். வெவ்வேறு வழிகளில் மூன்று முறை கேட்கப்பட்டது. மூன்று முறையும் படம் எடுக்கப்படவில்லை.

ஏன் எடுக்கவில்லை? முன்பும் நுரைத் துண்டுகள் விழுந்திருக்கின்றன, ஓடங்கள் நலமாகத் திரும்பியிருக்கின்றன, இது தரையிறங்கிய பின் செப்பனிட வேண்டிய காரியம் என்று மேலிடத்தில் எண்ணிவிட்டார்கள். படம் எடுத்தே ஆக வேண்டும் என்பதற்குக் கட்டாயக் காரணம் என்ன என்று கீழே கேட்டார்கள். படம் இருந்தால்தானே காரணத்தைக் காட்ட முடியும்? பாதுகாப்பானது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு தலைவர்களுடையது. அங்கே அது தலைகீழாகி, ஆபத்தானது என்று நிரூபிக்கும் சுமை சொல்பவன் தலையில் ஏறியது. விசாரணைக் குழு இதைத் தன் அறிக்கையில் குறிப்பிட்டிருக்கிறது. எங்கள் அம்மாளையும் நாங்கள் அந்த நிலையில்தான் நிறுத்தினோம்.

ஹூஸ்டனில் ரோட்னி ரோச்சா என்னும் பொறியாளர் மனம் பொறுக்காமல் ஒரு மின்னஞ்சல் எழுதினார். பாதுகாப்பில்லை என்றால் சொல்லுங்கள் என்று அந்த நிறுவனத்தின் சுவர்களிலெல்லாம் ஒட்டியிருந்த விளம்பரத் தாள்களை அதில் நினைவூட்டி, நிலைமை அவ்வளவு கடுமையானது என்று எழுதினார். எழுதியவர் அதை மேலிடத்துக்கு அனுப்பவில்லை. சக ஊழியர் ஒருவரிடம் காட்டியதோடு சரி. தன் படியைத் தாண்டி மேலே கடிதம் அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை என்பது அவர் பின்னர் சொன்ன காரணம். ஜனவரி 24ஆம் நாள் நடந்த நிர்வாகக் கூட்டத்தில், நுரைத் துண்டால் ஆபத்தில்லை என்ற முடிவு வாசிக்கப்பட்டபோது அவரும் அந்த அறையில் இருந்தார். பேசவில்லை. தான் மிகக் கீழே இருந்ததாகவும், கூட்டத் தலைவர் மிக மேலே இருந்ததாகவும் பிற்பாடு தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் சொன்னார். பிப்ரவரி 1ஆம் நாள், தரையிறங்க ஏறத்தாழ 16 நிமிடம் இருக்கையில், டெக்சாஸ் வானில் ஓடம் சிதறி எழுவரும் மாண்டனர். அவ்வாண்டு ஜூலையில் அதே அளவு நுரைத் துண்டை மணிக்கு ஏறத்தாழ 850 கிலோமீட்டர் வேகத்தில் இறக்கையின் முன்விளிம்புப் பலகை மேல் எறிந்து சோதித்தார்கள். ஒன்றேகால் அடிக்கும் அகலமான ஓட்டை விழுந்தது.

சுவரெல்லாம் 'சொல்லுங்கள்' என்ற விளம்பரம், சொல்லத் துணிந்தவன் கையிலோ அனுப்பாத கடிதம்! இதைப் படித்தபோது நம் கோயில் முன்மண்டபத்தில் தொங்கிய ஆலோசனைப் பெட்டி எங்களுக்கு நினைவுக்கு வந்தது. அதன் சாவி பல ஆண்டுகளாகக் காணாமல் போயிருந்தது. பூட்டை உடைத்துப் பார்த்தோம். இரண்டு மெழுகுதிரி உறைகள், ஒரு கல்யாண அழைப்பிதழ், செல்லாத ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று. ஆலோசனை ஒன்றுகூட இல்லை.

அந்த விசாரணையைப் பற்றி எழுதிய வில்லியம் லாங்கவிஷ் என்ற பத்திரிகையாளர் ஒரு செய்தி சொல்கிறார். விசாரித்தவர் ஒருவர் கூட்டத் தலைவரிடம், மாற்றுக் கருத்துகளை எவ்வாறு தேடிப் பெறுகிறீர்கள் என்று கேட்டாராம். அவை காதுக்கு வரும்போது என்பது பதில். தாமாக வராமல் போவதுதானே அவற்றின் இயல்பு, வரவழைக்க என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி. அதற்குப் பதில் வரவில்லையாம். அந்தத் தலைவரைக் கொடியவர் என்று நாங்கள் நினைக்கவில்லை. அந்தக் கேள்வியை எங்களிடம் கேட்டிருந்தால் நாங்களும் அப்படித்தான் விழித்திருப்போம்.

அதே நிறுவனத்தில் பதினேழு ஆண்டுகளுக்கு முன், 1986 ஜனவரி 28இல், 'சேலஞ்சர்' ஓடம் வெடித்து எழுவர் இறந்தார்கள். முந்தின இரவு, இந்தக் குளிரில் ஏவ வேண்டாம் என்று ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் சொன்னார்கள். அபிப்பிராயம் கேட்ட அதிகாரிகள் அதைக் கேட்டதும் சலித்துக்கொண்டார்கள். அந்தச் சலிப்பைப் பார்த்த நிறுவன மேலாளர்கள் தங்களுக்குள் தனியே பேசி முடிவை மாற்றிக்கொண்டார்கள். தலைவனின் முகச்சுளிப்புக்கு அவ்வளவு வலிமை இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்வதுதான் நியாயம். நாசா என்னும் இதே நிறுவனம் 1976 முதல் விமானத் துறைக்காக ஓர் ஏற்பாட்டை நடத்தி வருகிறது. விமானி, விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துபவர் என்று யாராயினும், தாம் கண்ட ஆபத்தையோ தாமே செய்த பிழையையோ எழுதி அனுப்பலாம். பெயரும் எழுத வேண்டும். பெயருள்ள பகுதியைத் தனியே கிழித்து, பெற்றுக்கொண்டோம் என்று முத்திரையிட்டு, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். தகவல் மட்டும் அவர்களிடம் தங்கும். இதை நாங்கள் சிரத்தையாகக் கவனித்ததற்குக் காரணம் உண்டு. நம் ஊர்களுக்கு மொட்டைக் கடிதம் என்ற தொல்லை இருக்கிறதல்லவா? ஆயர் இல்லத்துக்குப் போன மொட்டைக் கடிதங்களைச் சேர்த்தால் இந்தப் பொன்விழா மலரைவிடக் கனமாக இருக்கும். எழுதியவர்களைக் கோழைகள் என்று நாங்களும் மேடையில் ஏசியிருக்கிறோம். இப்போது எங்கள் எண்ணம் வேறு. பெயரைச் சொல்லிப் பேச இடமில்லாத பங்கில்தான் பெயரில்லாத கடிதம் பிறக்கிறது. பெயர் எங்களிடம் பத்திரமாக இருக்கும் என்று நம்பிக்கை கொடுத்தால், மொட்டைக் கடிதம் கையெழுத்துள்ள கடிதமாகிவிடும்.

சுவர் விழுந்த பின் நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். முதலில் செய்தது பலிக்கவில்லை. 'இனி எல்லாரும் தாராளமாகப் பேசலாம்' என்று அறிவித்தோம். மூன்று கூட்டம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான்காவது கூட்டத்தில் ஒருவர் பேசினார், அதுவும் எல்லைத் தகராறு பற்றித் தம் அண்ணன் மேல் புகார். அறிவிப்பால் பயம் போய்விடுவதில்லை என்று அப்போது உணர்ந்தோம்.

பிறகு கேள்வியை மாற்றினோம். 'மாற்றுக் கருத்து உண்டா' என்று கேட்டால், உண்டு என்பவர் எதிரியாகத் தோன்றுகிறார். 'இந்தத் திட்டம் அடுத்த ஆண்டு கெட்டுப்போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், எதனால் கெட்டிருக்கும்?' என்று கேட்டோம். அன்றைக்குத்தான் கூட்டம் கலகலத்தது. ஒன்பது காரணம் சொன்னார்கள், அதில் ஆறு எங்களுக்குத் தெரியாதவை. பேசும் வரிசையையும் மாற்றினோம், இளையவர்கள் முதலில், பொறுப்பாளர்கள் கடைசியில். இது புதுமை அல்ல. யூதரின் மிஷ்னா நூல், மரண தண்டனை வழக்குகளில் மூத்தவர் கருத்து இளையவரைச் சாய்த்துவிடாதபடி ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று விதித்தது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் சபை ஒழுங்கின் மூன்றாம் அதிகாரத்தில், முக்கியமான காரியங்களுக்கு மடத்தின் தலைவர் எல்லாரையும் அழைத்துக் கேட்க வேண்டும், சிறந்ததை ஆண்டவர் பலமுறை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்று காரணமும் எழுதி வைத்தார். அப்போதிருந்த பங்குத்தந்தை இதில் எங்களுக்குப் பெரிய உதவி செய்தார்கள். எல்லாரும் பேசி முடிக்கும்வரை தம் கருத்தைச் சொல்வதில்லை என்று தமக்குத் தாமே விதி வைத்துக்கொண்டார்கள். சாமி முகத்தைப் பார்த்துப் பேசியே பழகிய நமக்கு, முதலில் கால் தரையில் பாவவில்லை.

கூட்டத்துக்கு வராதவர்களை நாங்களே தேடிப் போனோம். கோயில்பிள்ளை, சமையல்காரம்மா, மணி அடிக்கும் பையன், கல்லறைத் தோட்டக்காரர் ஆகியோரிடம் மாதம் ஒருமுறை, அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே நின்று பேசுவது என்று வைத்தோம். யார் என்ன சொன்னாலும், இரண்டு ஞாயிற்றுக்குள் பதில் சொல்லிவிடுவோம். செய்வோம், அல்லது இன்ன காரணத்தால் செய்ய முடியவில்லை. இதுதான் மிகக் கடினமாக இருந்தது என்று ஒப்புக்கொள்கிறோம். கேட்டதையெல்லாம் செய்ய வேண்டியதில்லை, ஆனால் செய்யாததற்குக் காரணம் சொல்ல நேரமும் பொறுமையும் வேண்டும். பல முறை தவறியிருக்கிறோம். மேலும், சொன்னவரிடம் "இதையெல்லாம் யார் உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்பதை அறவே விட்டோம். அந்த ஒரு கேள்வி போதும், பத்துப் பேர் வாயை மூட!

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பங்கின் மேய்ப்புப்பணிப் பேரவைக்கு ஆலோசனைக் குரல் மட்டுமே உண்டு என்கிறது. இதைச் சொல்லிச் சலித்துக்கொள்ளும் உறுப்பினர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. நாங்களும் சலித்துக்கொண்டவர்களே. ஆனால் அதே தொகுப்பின் 212ஆம் பிரிவு, திருச்சபையின் நன்மையைப் பற்றிய தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்க இறைமக்களுக்கு உரிமை உண்டு, சில வேளைகளில் அது கடமையும் ஆகும் என்கிறது. ஆலோசனை சொல்வது மட்டுமே வேலை என்று ஆனபின், ஆமாம் போட்டுவிட்டு எழுந்து போவதற்கு நமக்கு ஒரு கூட்டம் எதற்கு?

இரண்டாவது சுவரைக் கட்டும்போது அந்த அம்மாளைத் தென்மூலைக்கு அழைத்துப் போனோம். கைத்தடியால் ஆறு இடங்களைத் தட்டிக் காட்டினார்கள். ஆறு இடத்திலும் துவாரம் வைத்தோம். ஒவ்வொரு ஐப்பசியிலும் தண்ணீர் அதன் வழியே போகிறது. அவர்கள் இப்போது தம் கணவரின் பக்கத்தில் துயில்கிறார்கள்.

இந்தப் பொன்விழா வேலையில் நடந்த ஒன்றையும் சொல்லி முடிக்கிறோம். அசனத்துக்கான சமையல் பந்தலை மேற்குப் பக்கம் போடுவதாக முடிவாகி, அந்தச் செலவை ஏற்ற அன்பர் மேற்குப் பக்கம்தான் வேண்டும் என்று பிரியப்பட்டிருந்தார். கல்லூரியில் படிக்கும் நம் இளைஞர் இயக்கப் பெண் ஒருத்தி எழுந்து, அங்கே தலைக்கு மேல் மின்கம்பி போகிறது, கீற்றுப் பந்தலில் அடுப்பு மூட்டலாமா என்று கேட்டாள். அறையில் சிறிது நேரம் பேச்சில்லை. எங்களுக்குச் சுவர் நினைவு வந்தது. பந்தல் கிழக்குப் பக்கம் மாறிவிட்டது. அந்த அன்பருக்கு மனவருத்தம், எங்களோடு பேசுவதில்லை. பேரவையின் புதிய பொறுப்பாளர்களும் நாங்களுமாக இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போய்விட்டோம். வருகிற சனிக்கிழமை மறுபடியும் போகிறோம்.